நிலாவெளி வீதிக்கு டிராக்ஸ்டாரா, ஸ்டீடா?

தம்பி, நீங்கள் எழுதியதை ஒருதடவை திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். யமஹா டிராக்ஸ்டார் 400 ஒன்றும் ஹொண்டா ஸ்டீட் 400 ஒன்றும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வந்திருக்கின்றன. வீடு நிலாவெளியில், வேலை திருகோணமலை டவுனில். மாதம் ஒருதடவை மனைவியை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போக வேண்டும், எப்போதாவது கொழும்புக்கும். உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். எதில் பிக்கப் கூட, எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் "வழியில் நிற்க விடாத பைக்காக இருந்தால் போதும்" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் கம்பனிப் பெயரில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, அந்த இரண்டு பைக்கும் இத்தனை வருடமும் யார் கையில், எந்தக் காற்றில் நின்றன என்பதில் இருக்கிறது.

பிக்கப் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஜப்பானில் சாதாரண மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் 400 சிசி வரைக்கும்தான். அந்த எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பதற்காகவே இந்த அளவில் இத்தனை பைக்குகளைச் செய்தார்கள். ஸ்டீட் 398 சிசி, டிராக்ஸ்டார் 399 சிசி. இரண்டும் வி-ட்வின், அதாவது இரண்டு சிலிண்டரும் V வடிவில் நிற்கிற எஞ்சின், இரண்டும் 30 குதிரைவலுவைச் சுற்றித்தான். ஸ்டீட் எடை குறைந்தது, 200 கிலோவை ஒட்டி நிற்கும். டிராக்ஸ்டார் அதைவிட சுமார் 20, 30 கிலோ கூட. கிளாசிக் மாடல் என்றால் இன்னும் கொஞ்சம். அதனால் ஸ்டீட் கை முறுக்கியதும் கொஞ்சம் துள்ளும். அவ்வளவுதான் வித்தியாசம். ரேஸ் ஓடுகிற எண்ணம் இருந்தால் இரண்டையும் விட்டுவிடுங்கள். உங்கள் உயரத்துக்கும் பிரச்சினை இல்லை, இரண்டின் சீற்றும் தரையிலிருந்து 70 சென்ரிமீற்றரைச் சுற்றித்தான். கால் முழுதாக ஊன்றும்.

இனி உங்கள் ஊர்க் காற்றுக்கு வருகிறேன், ஏனென்றால் என் பதிலின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. நம் பக்கத்தில் பைக்கைச் சோதிக்கிற காற்று இரண்டு. மே தொடங்கி செப்ரெம்பர் வரை கச்சான், தரைப்பக்கத்திலிருந்து அனலாக அடிக்கும். அது எஞ்சினின் சூட்டைச் சோதிக்கும். ஒக்ரோபருக்குப் பிறகு வாடை, கடலிலிருந்து உப்பையும் ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுவரும். அது இரும்பைச் சோதிக்கும். கொழும்பிலோ கண்டியிலோ இருக்கிறவர்கள் இந்த இரண்டு பைக்கைப் பற்றிச் சொல்வதை நம்பலாம், ஆனால் அவர்கள் பைக் நிலாவெளிக் கடற்கரையிலிருந்து சில நூறு மீற்றர் தள்ளி இரவெல்லாம் நிற்பதில்லை.

ஸ்டீட் தண்ணீரில் குளிர்கிற எஞ்சின். முன்பக்கம் ஃபிரேமின் இரண்டு குழாய்களுக்கும் நடுவில் சின்னதாக ரேடியேற்றர் இருக்கும். கச்சான் காலத்துக்கு இது நல்லதுதானே என்று தோன்றும். புதிதாக இருந்த காலத்தில் நல்லதுதான். இப்போது அதன் ரப்பர் ஹோஸ், மூடி, தேர்மோஸ்ரற், ஃபான், தண்ணீர்ப் பம்பின் சீல் எல்லாமே 20 வருடம் தாண்டியவை. ரேடியேற்றரின் அலுமினியத் தகடுகள் உப்புக்காற்றில் வெள்ளைப் பொடியாக உதிரும். விரலால் தேய்த்தாலே தெரியும். இன்னொன்று நம் ஆட்கள் செய்கிற வேலை. கூலன்ற் குறைந்தால் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். கடலோரக் கிணறு உவரும் சுண்ணாம்பும் கலந்தது, உள்ளே படிந்து பாதையை அடைத்துவிடும். என் கராஜுக்குச் சூடேறி வந்த ஸ்டீட்களில் எஞ்சின் பிழை இருந்தவை குறைவு. பெரும்பாலும் ரேடியேற்றரோ, வேலை செய்யாத ஃபானோதான்.

டிராக்ஸ்டார் காற்றில் குளிர்கிற எஞ்சின். மேலே சொன்ன சாமான் ஒன்றும் அதில் கிடையாது, ஆகவே பழுதாகவும் வழியில்லை. வெயிலில் காயாதா என்று கேட்பீர்கள். ஓடிக்கொண்டிருந்தால் காயாது. நெரிசலில் அரைமணி நேரம் நின்று நகர்ந்தால் சூடேறும், ஆனால் நம் டவுனில் மத்திய வீதிச் சந்தைப் பக்கத்தை விட்டால் அப்படி எங்கே நிற்கப் போகிறீர்கள்? ஒயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும். ஒரு விஷயம், காருக்கு விற்கிற ஒயிலை ஊற்றாதீர்கள். இந்த பைக்குகளில் கிளட்சும் அதே ஒயிலில்தான் மூழ்கிக் கிடக்கிறது. வழுக்கலைக் கூட்டுகிற மருந்து கலந்த ஒயில் போனால் கிளட்ச் நழுவும். கலனில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்த பெரிய வித்தியாசம் பின்சக்கரத்துக்கு இழுவை போகிற வழி. ஸ்டீட்டில் செயின். டிராக்ஸ்டாரில் ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டு, ஒரு மூடிய உறைக்குள் சுழலும். உப்புவெளி தாண்டியதும் வீதியில் மணல் ஏறிக் கிடக்கிற இடங்கள் உங்களுக்கே தெரியும். மணலும் உப்பும் செயினில் ஒட்டினால் அது அரம் போலத் தேய்க்கும். செயினோடு ஸ்ப்ரோக்கற்றும் போகும். கழுவி, எண்ணெய் போட்டு, இழுவை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். செய்கிறவருக்குச் செயின் ஒரு சுமையே இல்லை, நாளும் பொழுதும் ஓடுகிற வேலைக்காரருக்குத்தான் அது மறந்துபோகும். ஷாஃப்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. கடைசிக் கியர்ப் பெட்டியில் கால் லீற்றருக்கும் குறைவான கியர் ஒயில், அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். ஆனால் "ஷாஃப்ட் என்றால் பார்க்கவே தேவையில்லை" என்று விற்கிறவர் சொன்னால் நம்பாதீர்கள். பின்சக்கரமும் ஷாஃப்டும் பற்றிக்கொள்கிற பற்களில் கிறீஸ் இருக்க வேண்டும். டயர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் அதைத் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். பூசாமல் விட்டால் காய்ந்து கறல் பிடித்துப் பற்கள் தேயும், பிறகு செயின் செலவைப் போலப் பல மடங்கு வரும். டயர்க் கடையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் நின்று செய்விப்பது நல்லது.

மனைவி பின்னால் வருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். செயினில் சேலைத் தலைப்போ துப்பட்டாவோ சிக்குகிற ஆபத்து டிராக்ஸ்டாரில் இல்லை, கம்பிச் சக்கரத்தில் சிக்குகிற ஆபத்து இரண்டிலும் உண்டு. இந்த வகைப் பைக்கில் சேலைக்கு மறைப்பு எதுவும் கிடையாது. ஒருபக்கமாக உட்கார்ந்து மட்டக்களப்பு வரை போகிற யோசனையை விட்டுவிடுங்கள், இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்கிற உடுப்போடு வரட்டும். பின்சீற் என்று பார்த்தால் ஸ்டீட்டில் இருப்பது சீற் இல்லை, ஒரு மெத்தைத் துண்டு. கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போவதற்குள்ளேயே முறைப்பாடு தொடங்கிவிடும். டிராக்ஸ்டாரிலும் பெரிய சொகுசு இல்லை, ஆனால் கிளாசிக் மாடலின் பின்சீற் அகலம். மட்டக்களப்பு வீதியைப் பொறுத்தவரை, படகுப்பாதையில் ஏற்றி இறக்கிய காலம் போய் இப்போது எல்லாம் பாலம். பைக் எதுவானாலும் ஓடும். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தில் கச்சான் குறுக்காக அடிக்கிறபோது கொஞ்சம் எடையுள்ள பைக் கையில் அமைதியாக நிற்கும், அவ்வளவுதான்.

கொழும்பு போவதற்கு இரண்டு விஷயம். முதலாவது பெற்றோல். டிராக்ஸ்டார் டாங்கி 16 லீற்றர் அளவு. ஸ்டீட்டில் 11 லீற்றரைத் தாண்டாது, பழைய மாடல்களில் அதைவிடவும் குறைவு. மைலேஜை நான் ஒரே எண்ணாகச் சொல்லமாட்டேன், ஏனென்றால் கார்புரேற்றரின் நிலையைப் பொறுத்து அது பெரிதாக மாறும். லீற்றருக்கு 20 கிலோமீற்றர் என்று கணக்குப் போட்டுக்கொண்டால் நடுவழியில் ஏமாறமாட்டீர்கள். அப்படிப் பார்த்தால் கொழும்புவரை உள்ள ஏறக்குறைய 260 கிலோமீற்றரை டிராக்ஸ்டாரில் ஒரே டாங்கியோடு ஓடிவிடலாம், ஸ்டீட்டில் நடுவில் கட்டாயம் ஊற்ற வேண்டும். இரண்டாவது வெளிச்சம். கந்தளாய் தாண்டி ஹபரணைவரை யானை குறுக்கிடுகிற வீதி. பொழுது சாய்ந்த பிறகு அந்தப் பக்கம் பழைய பைக்கின் மங்கல் ஹெட்லைற்றோடு போகவே வேண்டாம் என்பது என் புத்திமதி. வழியில் பஞ்சர் என்றால் இந்த இரண்டு பைக்குக்கும் நடு ஸ்ராண்ட் கிடையாது, பின்சக்கரத்தைக் கழற்ற ஜக் வேண்டும். இரண்டிலும் கம்பிச் சக்கரம், உள்ளே டியூப். ஆகவே விடியப் புறப்பட்டு வெளிச்சத்தில் திரும்புங்கள்.

இதுவரை சொன்னவை மாடலைப் பற்றியவை, இவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிச் சொல்லப் போவது அந்த இரண்டு பைக்கையும் நேரில் பார்த்தால்தான் தீரும். ஸ்டீட் 1988இல் வந்து 2000ஐ ஒட்டி நின்றுபோனது, ஆகவே மிக இளைய ஸ்டீட்டுக்கும் 20 வயது தாண்டிவிட்டது. டிராக்ஸ்டார் 1996இல் வந்தது, 2010கள் வரையும் செய்தார்கள். அதனால் கொஞ்சம் வயது குறைந்தது கிடைக்க வாய்ப்பு உண்டு. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல் திரும்பத் திறந்த இடைவெளியில் பழைய பைக் எல்லாம் பொன்னாகிவிட்டது. தூக்கி எறிய வேண்டியதைக்கூட நிக்கல் பூசி, பெயின்ற் அடித்து விற்றார்கள். மீற்றரில் காட்டுகிற கிலோமீற்றரைப் படித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

2022ஐயும் நினைவில் வையுங்கள். பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். அதை இப்படிப்பட்ட பைக்குக்கு யார் ஊற்றுவார்கள்? சின்ன பைக்கை ஓட்டிக்கொண்டு இதை மூடிவைத்தார்கள். கார்புரேற்றர்க் கிண்ணத்தில் கிடந்த பெற்றோல் வற்றிப் பிசினாகி, ஸ்லோ ஜெற்றின் ஊசித் துவாரத்தை அடைத்துவிட்டது. பாதி காலியான டாங்கியின் உள்பக்கம் கறல் பிடித்தது. அப்படி நின்ற பைக்கைக் கண்டுபிடிக்க ஒரு வழி: எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சோக்கை இழுத்தால்தான் நிற்காமல் ஓடுகிறதா, கையை விட்டதும் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறதா என்று பாருங்கள். டாங்கி மூடியைத் திறந்து போன் லைற்றை அடித்துப் பாருங்கள். கார்புரேற்றர் கழுவினால் தீரும். டாங்கி கறல் அப்படித் தீராது, கழுவின கார்புரேற்றரைத் திரும்பத் திரும்ப அடைக்கும்.

பார்க்கப் போகும்போது காலையில், முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். போனதும் முதல் வேலை எஞ்சினில் கையை வைப்பது. சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கனவே ஸ்ராட் செய்து வைத்திருக்கிறார்கள்; குளிர்ந்த பிறகு இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பற்றுகிறது, முதல் புகை என்ன நிறம் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். பற்றரியில் மீற்றரை வைத்து எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் 13.5க்கும் 14.5க்கும் நடுவில் வோல்ற் காட்ட வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் ரெக்ரிஃபயரையோ கொயிலையோ சந்தேகிக்கலாம். ஸ்டீட் என்றால் ஃபான் தானாகச் சுழலும்வரை நிறுத்தி வைத்துப் பாருங்கள், ரேடியேற்றர் மூடியை எஞ்சின் குளிர்ந்த பிறகு திறந்து கூலன்ற் நிறத்தைப் பாருங்கள். பழுப்பாகச் சேற்றுத் தண்ணீர் போல இருந்தால் மூடிவிட்டு வந்துவிடலாம். டிராக்ஸ்டார் என்றால் பின்சக்கரத்தைத் தூக்கி, கியரில் போட்டு, முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது இயல்பு. டக்டக்கென்று பெரிதாக அடித்தால் பற்கள் தேய்ந்திருக்கின்றன. நிக்கல் மினுக்கத்தைப் பார்க்காமல் சீற்றுக்கு அடியில், பற்றரித் தட்டில், சைலன்சரின் அடிப்பக்கத்தில், கம்பிகள் சக்கரத்தில் இறங்குகிற முனைகளில் பாருங்கள். உப்பு முதலில் தின்னுவது அங்கேதான். எஞ்சினுக்குள் டைமிங் செயின் சத்தமா, வால்வ் சத்தமா என்பதை எழுத்திலோ போன் வீடியோவிலோ யாராலும் தீர்மானிக்க முடியாது, என்னாலும் முடியாது. ஒரு நல்ல மெக்கானிக் பாஸைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்குக் கொடுக்கிற காசு வீண்போகாது.

பதிவுப் புத்தகம் சரியில்லை என்றால் மேலே சொன்னது ஒன்றையும் பார்க்கத் தேவையே இல்லை. ஃபிரேம் இலக்கம் ஹேண்டில் கழுத்தில் அடித்திருக்கும், எஞ்சின் இலக்கம் எஞ்சின் உடம்பில். இரண்டும் பதிவுப் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இந்த வகை பைக்குகளில் எஞ்சின் மாற்றியது அதிகம், உதிரியாக வந்ததைக் கோர்த்ததும் உண்டு. சுற்றித் தேய்த்த அடையாளமோ புதிதாக அடித்த எழுத்தோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஓப்பன் பேப்பரில், அதாவது புத்தகத்தில் பெயர் மாற்றாமலே, நாலு கை மாறி வந்தது என்றால், புத்தகத்தில் பெயர் உள்ளவரை நேரில் காணாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏ வகுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏ1 மட்டும் என்றால் 100 சிசிவரைதான் செல்லும். விபத்து என்று வந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

உதிரிப்பாகம் இரண்டுக்கும் திருகோணமலையில் கிடையாது, கொழும்பு பஞ்சிகாவத்தைதான். அங்கேயும் இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருந்து எடுக்கலாம். டிராக்ஸ்டாரின் 650 சிசி அண்ணனும் ஸ்டீட்டின் 600 சிசி அண்ணனும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறைய விற்றவை, பல சாமான்கள் பொருந்தும். பிஸ்ரன், சிலிண்டர் பொருந்தாது என்பதை மறக்காமல் ஓடர் போடுங்கள். பின் டயர் இரண்டுக்கும் ஒன்றுதான், 170/80-15. அந்த அளவு எல்லாக் கடையிலும் இருக்காது, பழைய ஸ்ரொக்கைத் தலையில் கட்டுவார்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் பாருங்கள். 1819 என்றால் 2019ஆம் ஆண்டு 18ஆம் கிழமை செய்தது. பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரில் மனைவியை ஏற்றாதீர்கள்.

சரி, எதை வாங்குவது? இரண்டும் ஒரே நிலையில், புத்தகம் சுத்தமாக இருந்தால் டிராக்ஸ்டார். கடலோரத்தில் நிற்கிற பைக்கில் உப்பு தின்னக்கூடிய சாமான் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, அதற்கு மேல் காரணம் இல்லை. அழகு என்று கேட்டால் என் கண்ணுக்கு ஸ்டீட்தான். அந்த மெலிந்த டாங்கிக்கும் பின்பக்க வளைவுக்கும் டிராக்ஸ்டார் கிட்டவும் வராது. அந்த ஸ்டீட் ஒரே சொந்தக்காரரிடம், அநுராதபுரமோ குருநாகலோ போல உள்நாட்டில் நின்றதாகவும், டிராக்ஸ்டார் கைமாறிக் கடற்கரையில் காய்ந்ததாகவும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டீட்டை எடுங்கள். ரேடியேற்றருக்கும் ஹோஸுக்கும் தனியாகக் காசு ஒதுக்கி, முதல் மாதமே மாற்றிவிடுங்கள்.

உயரமான ஹேண்டில் போடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். போடலாம், ஆனால் ஹேண்டிலோடு கிளட்ச் கேபிள், அக்சிலேற்றர் கேபிள், முன் பிரேக் ஹோஸ், சுவிட்ச் வயர் எல்லாமே நீளமாக வேண்டும். பழைய ஹோஸையே இழுத்துக் கட்டித் தருகிற கடைகள் உண்டு. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, பிரேக் ஹோஸ் விறைக்கிறது என்றால் பழைய ஹேண்டிலைத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.